தண்ணீர் ஏற்றும் வேன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் மடியில் ஒரு வாளி இருந்தது. வாளிக்குள் என் வீட்டு மீன்கள். நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம். கட்டில், பீரோ, புத்தக மூட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிய லாரிக்காரர், மீன் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டார். அங்கே இங்கே விசாரித்ததில், மீன் தொட்டி மாற்றித் தருவதற்கென்றே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வார நாட்களில் அவர்களுக்கு வேறு வேலை. சனி, ஞாயிறு மட்டும் ஒரு வேனில் வருவார்கள். தொட்டியைக் காலிசெய்து, மீனையும் தண்ணீரையும் தனித்தனியாக ஏற்றி, புது வீட்டில் பழையபடி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தண்ணீரையுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"புதுத் தண்ணில அப்படியே விட்டா தாங்காது சார். பழைய தண்ணி முக்காவாசி கூடவே வரணும்," என்றார் இருவரில் மூத்தவர்.

வேனின் முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் நானும் வாளியும். ஒருபுறம் வண்டி ஓட்டிய இளையவர், மறுபுறம் ஜன்னலோரமாக மூத்தவர். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள், ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பவர்கள் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. வழி நெடுக ஒரே விவகாரம்தான். வாராவாரம் வாடகை வேனுக்கு அலைவது போதும், இனி ஒரு வேனை லீசுக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்கிவிடுவதா? இளையவர் வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மூத்தவர் ஒவ்வொரு தடவையும், "லீசுக்கே எடுப்போமே," என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: "சனிக்கிழமை காலை மூத்தவள் வேனின் பின்கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு நதி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த—"

அடித்துவிட்டேன். வேனுக்குள் நதியாவது, தூங்குவதாவது. உள்ளே இருந்தவை மூடி போட்ட நீலப் பீப்பாய்களும் வாளிகளும்தான்.

(நேரில் பார்த்தபோது 'அவர்' என்று மரியாதையாகச் சொன்னவன், கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன், கவனித்தீர்களா? எழுதுகிறவர்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. ஆனால் 'அவர்' என்று எழுதினால் அந்த அம்மாள் என்னை விட்டு ஒரு கை தள்ளியே நிற்கிறாள்.)

இரண்டாவது: "இளையவளுக்கு எப்போதும் அவசரம்—"

இதையும் அடித்தேன். அவள் வண்டி ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காலைத் தளர்த்திவிடுவாள். பின்னால் தண்ணீர் இருக்கிறதே.

மூன்றாவது கட்டுரை மாதிரிப் போனது. லீஸ் என்றால் வண்டி உங்களுடையது மாதிரி இருக்கும், ஆனால் உங்களுடையது இல்லை. மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டினால் போதும், பெரிய பழுது வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வரலாம். சொந்தம் என்றால் பழுதும் உங்கள் தலையில்தான். ஆனால் எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம். வாரத்தில் இரண்டே நாள் ஓடுகிற வண்டிக்கு இதில் எது லாபம்? கணக்கு எழுதுகிற நண்பர் ஒருவரைக் கேட்டேன்.

"எவ்வளவு நாளைக்கு வச்சிருப்பீங்க? அதச் சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்," என்றார் அவர்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு நாளைக்கு? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகம் நினைவுக்கு வந்தது. அவள் போகப் போகிறாள். ஊரை விட்டே போகப் போகிறாள், அதை இளையவளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்குக் கதை கிடைத்தது. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

3

இனி கதை.

மூத்தவள் வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். இளையவள் துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்திக்கு நாள் முழுக்கக் கண்ணாடித் தூள், இன்னொருத்திக்கு நாள் முழுக்கச் சில்லறைச் சத்தம். சனிக்கிழமை விடிந்தால் இருவரும் வேறு ஆட்கள். பழைய செருப்பு, மடித்துவிட்ட கால்சட்டை, தோளில் சுற்றிய குழாய். வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் மாடிப்படியில் நின்று கேலி செய்வார்கள். இவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குடும்பம் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தபோது சொந்தத் தொட்டியைத் தாங்களே மாற்றினார்கள். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் தன் தொட்டியையும் மாற்றித் தரச் சொன்னார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அப்படியே பெருகிவிட்டது.

வேனுக்குள் பாட்டுப் போடுவதில்லை. மீன் வாளிகளில் பேட்டரி மோட்டார் ஒன்று காற்று ஊதிக்கொண்டிருக்கும், அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவது மூத்தவளின் வேலை. "மெதுவா" என்பாள். "வளைவு" என்பாள். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தாழ்த்துவாள். இளையவளின் கால் அதற்குத் தகுந்தபடி தளரும்.

பின்கதவுக் கண்ணாடி வழியாக வெயில் சாய்வாக இறங்கும்போது மூடாத வாளிகளில் பட்டு, வேனின் கூரையில் வெளிச்சம் நெளியும். வெள்ளையடித்த தகரக் கூரை முழுவதும் அது ஓடும், கலையும், மறுபடி கூடும். ரோட்டில் எல்லோரும் இவர்களைத் தாண்டிப் போவார்கள். ஹாரன் அடிப்பார்கள். சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போவார்கள். கடைகளின் பெயர்ப்பலகைகளை நிதானமாக வாசித்துக்கொண்டே போகலாம். விழித்துக்கொண்டே உறங்குவதுபோல ஒரு போக்கு. அந்த நேரத்தில் தான் யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்பதெல்லாம் மறந்துவிடும் என்று மூத்தவள் ஒரு தடவை சொன்னாள். இளையவள், "எனக்கு வீட்டு வழியே மறந்துடுதுக்கா," என்றாள். ஒருநாள் உண்மையிலேயே காலி வண்டியோடு வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். தாண்டியது தெரிந்தும் இருவரும் வெகுதூரம் வாயைத் திறக்கவில்லை.

(இந்தப் பத்தியை மூன்று தடவை சுருக்கினேன். மூன்று தடவையும் மறுபடி வளர்ந்துவிட்டது. என் மடியில் வாளியை வைத்துக்கொண்டு போன அன்று நானும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அதை மட்டும் நான் கட்டவில்லை.)

4

மூத்தவளின் கணவன் பாலம் கட்டும் கம்பெனியில் இருக்கிறான். அடுத்த பாலம் வேறு ஊரில். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய தூரம், அதற்குப் பிறகு வரும் பாலம் இன்னும் அப்பால். மாற்றல் பற்றிய பேச்சு வந்தபோது, உறுதியாகும்வரை யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்றான். உறுதியும் ஆகிவிட்டது. மகளின் பள்ளிக்கூடம் முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும்.

"தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா முதல்ல நீ அவகிட்ட சொல்லிடு. எங்க மூலமா அவளுக்குத் தெரிஞ்சா நல்லாயிருக்காது," என்றான்.

நியாயமான பேச்சு. அதனால்தான் அவளால் அதைத் தட்டவும் முடியவில்லை.

அன்றிலிருந்து வார்த்தை வாய் வரை வருவதும், அவள் அதை மென்று விழுங்குவதுமாகப் போகிறது. தனக்குப் பிறகு இளையவள் இந்த வேலையைத் தனியாகச் செய்வாளா? ஒருத்தி வண்டி ஓட்டினால் ஒருத்தி பின்னால் பார்க்க வேண்டுமே. வேலை நின்றுவிடும். நின்றால் சனி ஞாயிறும் அவளுக்குக் கல்லாதான். அதனால்தான் லீஸ் என்கிறாள். பாதியில் நின்றாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம், யார் தலையிலும் பாரம் நிற்காது. கணக்காகப் பார்த்தால் நல்ல யோசனைதான். காரணத்தைச் சொல்லாமல் யோசனையை மட்டும் சொல்வதுதான் உறுத்துகிறது.

5

நிற்க. மூத்தவளுக்குக் கஷ்டமான விஷயத்தைச் சொல்லத் தைரியம் இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

வாடகை வேன் கொடுக்கும் இடத்தில் ஒருவர் இருக்கிறார். இவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்குக்காரர். ஞாயிறு சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழு இழுப்பார்.

"மீன் வாடை அடிக்குது."

"உயிர் மீன் சார். உயிர் மீன் நாறாது," என்பாள் இளையவள்.

"பாசி நாறுதே."

லீஸ் பற்றிப் பேச்செடுத்ததும் அவர்தான். "வாராவாரம் எதுக்கு அலையறீங்க? லீசுக்கு எடுத்துக்கங்க. ஓட்டை போடக் கூடாது, வாடை இருக்கக் கூடாது. நான் குடுத்த மாதிரியே திரும்பி வரணும்."

அவர் வாயை அடைக்க இளையவள் ஒரு வேலை செய்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் வேனைக் கழுவி, எலுமிச்சை வாசனை அடிக்கும் ஸ்பிரேயை ஒரு புட்டி முழுவதும் உள்ளே அடித்து, கதவைச் சாத்தி வைத்துவிட்டாள். மறுநாள் காலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்த தொட்டியை ஏற்றினார்கள். நோயாளிகள் பயத்தை மறந்து பார்த்துக்கொண்டிருப்பதற்காக அவர் ஆசையாக வளர்த்த மீன்கள். காற்று ஊதும் மோட்டார் எந்தக் காற்றை ஊதும்? வேனுக்குள் இருக்கிற காற்றைத்தான். எலுமிச்சை வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

கண்ணாடிச் சதுரத்தில் மூத்தவள் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வண்டியை ஓரங்கட்டி, எல்லாக் கதவுகளையும் திறந்து, மோட்டாரை வெளியே தூக்கிவைத்து, இருக்கிற பீப்பாய்த் தண்ணீரை எல்லாம் மாற்றி ஊற்றினார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. அந்த ஒன்று டாக்டர் பெயர் வைத்துக் கூப்பிடுகிற மீன்.

"அதே மாதிரி ஒண்ணு கடையில கிடைக்கும்க்கா. வாங்கிப் போட்டுடலாமா?" இளையவளின் குரல் உள்ளே போயிருந்தது.

"வேண்டாம்மா. சொல்லிடலாம்."

மூத்தவள் போய்ச் சொன்னாள். எதையும் சுற்றிவளைக்கவில்லை. ஸ்பிரே அடித்தது யார் என்பதை மட்டும் 'நாங்க' என்று சொன்னாள். டாக்டர் மற்ற மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சொன்னீங்களே," என்றார். அன்று திரும்பி வரும்போது இளையவள் தீர்மானமாகச் சொன்னாள்: "இனிமே நம்ம வண்டி எப்படி நாறினாலும் எவனும் மோந்து பாக்கக் கூடாது. வாங்கிடுவோம்க்கா."

முன்பின் தெரியாத மனிதரிடம் மீன் செத்துப்போனதைச் சொல்ல முடிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவளிடம் ஊர் மாறுவதைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று மூத்தவளுக்கும் விளங்கவில்லை. எனக்கு ஓரளவு விளங்குகிறது. அந்த டாக்டரை அவள் இனி பார்க்க வேண்டியதில்லை.

6

இதுவரை எழுதியதை என் மனைவி வாசித்தாள். வாசித்துவிட்டு, எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எதிராகப் பேசப் போகிறாள் என்றால் அங்கே போய் நிற்பாள்.

"நல்லா வேலை செஞ்சுட்டுப் போனாங்க. அதுல ஒருத்திய எதுக்கு ஊர விட்டு அனுப்புறீங்க?"

"அவங்க முகம் அப்படி இருந்துச்சு."

"பல்வலியா இருந்திருக்கும்."

"அப்ப கதை?"

"கதைக்காகப் பாலம் கட்டுறீங்களாக்கும். அந்தம்மா புருஷன் என்ன வேலை பாக்குறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. சுருக்கென்று இருந்தது. அன்று மத்தியானமே உட்கார்ந்து நான்காம் பகுதியை எடுத்துவிட்டேன். ஒரு கோடு போட்டால் போதும், பாலமும் இல்லை, மாற்றலும் இல்லை. மூத்தவள் ஊரிலேயே இருக்கிறாள். இருவரும் சிரித்துக்கொண்டே போய் ஒரு வேனை வாங்குகிறார்கள். கூரையில் வெளிச்சம் நெளிகிறது. சுபம்.

இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன். ஆனால் கதைக்குள் மூத்தவள் அப்போதும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். மாற்றலை எடுத்துவிட்டேனே, அப்புறம் ஏன் திரும்பியிருக்கிறாய் என்று கேட்டுப் பார்த்தேன். அவளை இந்தப் பக்கம் திருப்ப என்னால் முடியவில்லை. கோட்டை அழித்து, பாலத்தைப் பழையபடி எழுப்பினேன். மனைவியிடம் சொல்லவில்லை. இந்தப் பகுதியை அவள் வாசிக்கும்போது தெரிந்துகொள்வாள்.

(இளையவள் மீதும் எனக்கு ஒரு சந்தேகம். ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதுவுமே தெரியாமலா இருக்கும்? மாடியில் அட்டைப்பெட்டி நகர்கிற சத்தம் கீழே கேட்காதா? அவளை அவ்வளவு அப்பாவியாக எழுதக் கூடாது. வாங்கியே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்பது வாடைக்காக மட்டும்தானா? சொந்த வண்டி இருந்தால் அக்கா போகமாட்டாள் என்று எங்கோ ஒரு மூலையில்— இல்லை, இதை நான் முடிக்கவில்லை.)

7

முடிவுகளாக நான் எழுதிப் பார்த்தவை.

லீஸ் முடிவு. மூத்தவள் சொன்னபடியே லீசுக்கு எடுக்கிறார்கள். மகளின் பள்ளிக்கூடம் முடிகிறது. ஒரு ஞாயிறு சாயங்காலம் மூக்குக்காரர் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுக்கிறார். இந்தத் தடவை ஒரு வாடையும் இல்லை என்கிறார். இளையவள் சாவியைக் கொடுக்கிறாள். சுத்தமான முடிவு. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அந்த அழுகையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேனுக்குள் முடிவு. தண்ணீர் ஏற்றிப் போகும்போது மூத்தவள் சொல்லிவிடுகிறாள். இளையவள் அதிர்ச்சியில் பிரேக்கை அழுத்த, பீப்பாய்கள் சரிந்து— வேண்டாம். அவள் அப்படி அழுத்துகிறவள் இல்லை. என்ன கேட்டாலும் கால் மெதுவாகத்தான் இறங்கும். நான் படைத்த ஆளை நானே இவ்வளவு கேவலப்படுத்தக் கூடாது.

மூன்றாவது முடிவில் வேனே பேசியது. அதைப் பற்றி மேற்கொண்டு கேட்காதீர்கள். வெயில் மண்டைக்கு ஏறிய நேரம்.

8

ஆகவே நடந்தபடியே போகிறேன். நடந்தபடி என்றால், நான் கையை எடுத்ததும் தானாக நடந்தபடி.

ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய வேனை விற்கிறார். இளையவள் கண்டுபிடித்த வேன். கடைக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம், சுவரோரம் அடுக்கிய காலித் தட்டுகள், கொடியில் காயும் மாவுப் பைகள். நடுவில் வேன் நிற்கிறது. கதவைத் திறந்தால் சூடாறிய ரொட்டி மணம். தரையில் ரொட்டித் தட்டு அடுக்குகளை முடுக்கியிருந்த ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இளையவள் மண்டியிட்டு ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்க்கிறாள்.

"பீப்பாய் கட்ட நாம ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம்க்கா. நமக்குன்னே போட்டு வச்சிருக்காங்க."

மூத்தவள் உள்ளே ஏறி நின்று கூரையைப் பார்க்கிறாள். வெள்ளைக் கூரை. அவளுக்கு இந்த வண்டி பிடித்துவிட்டது. பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தவள். சீட்டுக்குப் பின்னால் பார்க்கும் கண்ணாடிச் சதுரம் எங்கே இருக்கிறது என்று கை தானாகத் தேடுகிறது. இருக்கிறது. அதன் வழியாக முன்சீட்டைப் பார்க்கிறாள். தான் உட்காருகிற இடத்தை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அங்கே யாரும் இல்லை.

முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவருகிறாள் இளையவள். பின்னால் தண்ணீர் இல்லாதபோதும் அதே நிதானம். மாவுப் பைகள் அசைகின்றன. ரொட்டிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, தூங்கற பிள்ளைய மடியில வச்சிருக்கிற மாதிரி ஓட்டுறீங்க," என்கிறார். வண்டி நிற்கிறது. இளையவள் இறங்கி மூத்தவளின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். இருவரும் தலையசைக்கிறார்கள். மூத்தவளும்தான். இனி இளையவள் தனியாக ஓட்டினாலும் சரி, இந்த வண்டி அவளுக்கு இருக்கட்டும் என்று அந்த ஒரு சுற்றுக்குள் அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"சந்தோஷம். வண்டி யார் பேருக்கு மாத்தணும்?" என்று கேட்கிறார் ரொட்டிக்கடைக்காரர்.

"ரெண்டு பேர் பேருக்கும்," என்கிறாள் இளையவள், யோசிக்காமல்.

"இல்லம்மா. உன் பேருக்கே இருக்கட்டும்."

"ஏன்க்கா? எங்கயாவது இடிச்சா நான் மட்டும் மாட்டணுமா?"

ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கிறார். இளையவளும் சிரிக்கிறாள். மூத்தவள் சிரிக்கவில்லை. இளையவளின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. லீசுக்கே எடுப்போமே என்று மூத்தவள் சொன்ன அத்தனை தடவையும் இளையவள் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது எனக்குத் தெரிகிறது.

"அக்கா. என்னப் பாருங்க. எப்ப போறீங்க?"

ரொட்டிக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விவரமானவர். "அடுப்புல வேலை இருக்கு, பேசிட்டு வாங்க," என்று உள்ளே போய்விடுகிறார்.

நானும் போக வேண்டியவன்தான். மாற்றலை எழுதினேன், பாலத்தை எழுதினேன், ஒரு மீனைக்கூடக் கொன்றேன். மூத்தவள் சொல்லப்போகும் வார்த்தையை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. பிரிந்து போகிறவள் சொல்லக்கூடியது எதுவாக இருந்தாலும் அது கேட்கிறவளுக்குப் போதாது, எனக்கு அது தெரியும். போதாவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் இருங்கள். மூத்தவளின் இடத்தில், கொஞ்சம் கிட்டே வந்து நில்லுங்கள். இளையவள் கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள்.